அந்த பியூஸ் அம்புக்கு இல்லை, வயருக்கு

"பியூஸ் போட்டா பேஸ் குறையும் மச்சான்." இந்த வசனத்தை முதன்முதல் சொன்ன ஆளை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறன். ஹேர்னிங்கிலயும் கேட்டிருக்கிறன், ஹொல்ஸ்ரபுரோவிலயும் கேட்டிருக்கிறன். கோடையில விளையாட்டுப் போட்டி நடக்கிற மைதானங்களின்ர கார்ப்பார்க்கில டிக்கியைத் திறந்து வைச்சுக்கொண்டு நிக்கிற அண்ணாமார் இதைத் திருக்குறள் மாதிரிச் சொல்லுவினம்.

பொய். நல்ல 100 அம்பியர் பியூஸ் ஒன்றில முழுக் கரண்ட் போகேக்கயும் இழக்கிறது ஒரு வோல்ட்டின் பத்தில ஒரு பங்கு அளவுதான். உங்கட காதுக்கு அது தெரியவே தெரியாது.

முதல்ல ஒன்று சொல்லிவிடுறன், நான் சத்தத்துக்கு எதிரி இல்லை. நாங்கள் இருக்கிற நாடே ஸ்பீக்கர் நாடு. மக்னவொக்ஸ் ஒலிபெருக்கியை உருவாக்கின ரெண்டு பேரில ஒருவரான பீற்றர் ஜென்சன் 1886இல பால்ஸ்டர் தீவில பிறந்த ஆள். ஹேர்னிங்கில இருந்து அரை மணித்தியாலம் ஓடினா விடெபெக், அங்க ஸ்கான்-ஸ்பீக் இப்பவும் ஸ்பீக்கர் செய்யுது. பேஸ் கேளுங்கோ, தம்பி. என்ர கோபம் முழுக்க பற்றரியில இருந்து டிக்கிக்குப் போற அந்த ஐந்து மீற்றர் வயரில.

என்ர பெரியம்மாவின்ர மகன் பழைய கோல்ஃப் ஒன்று வைச்சிருந்தவன். இணையத்தில "2000 வாட்ஸ் கிற்" ஒன்று வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே பூட்டினான். எஞ்சின் பக்கத்துத் தகரத்தில ஓட்டை போட்டு வயரை விட்டவன், ஓட்டைக்கு ரப்பர் வளையம் போடேல்லை. பற்றரிப் பக்கம் பியூஸும் இல்லை, "அம்பில ரெண்டு பியூஸ் இருக்குத்தானே" எண்டு சொன்னவன். எட்டு மாதம் ஒன்றும் நடக்கேல்லை. ஒன்பதாம் மாதம் ஒரு சுப்பர்மார்க்கெட் வாசலில காப்பெற்றுக்குக் கீழ இருந்து புகை. பின் சீற்றில அக்காவின்ர மகள், குழந்தை இருக்கையில பெல்ற்றோட. பிள்ளையைத் தூக்கினான். பற்றரியைக் கழற்ற 10 நம்பர் சாவி வேணும், அது வீட்டில. பக்கத்து வானில நிண்ட தச்சுவேலைக்காரர் ஒருவர் ஓடிவந்து கழற்றிவிட்டார். வயர் தகரத்தில ஒட்டியும் ஒட்டாமலும் உரசினபடியால்தான் அவ்வளவு நேரமாவது கிடைச்சது. முழுசா ஒட்டியிருந்தா, கார்ப் பற்றரி பல நூறு அம்பியரைக் கொட்டும். வயரின்ர உறை செக்கன் கணக்கில எரியத் தொடங்கியிருக்கும்.

அம்பில இருந்த ரெண்டு பியூஸும் அப்ப என்ன செய்ததுகள்? ஒன்றுமில்லை. கரண்ட் அவை வரைக்கும் போகவே இல்லை, வழியிலயே தகரத்துக்குள்ள இறங்கிவிட்டது. பியூஸ் பற்றரிக்குக் கிட்ட, ஆகக்கூடினது 45 சென்ரிமீற்றருக்குள்ள இருக்கவேணும் எண்டு சொல்லுறது இதுக்குத்தான். பியூஸுக்குப் பிறகு வாற வயரைத்தான் பியூஸ் காப்பாற்றும்.

"12 வோல்ட் தானே, அடிக்காது" எண்டு சொல்லுறவையும் இருக்கினம். அடிக்காது, எரிக்கும். டென்மார்க்கில 2008 யூலையில இருந்து ஒவ்வொரு வீட்டிலயும் எச்எஃப்ஐ அல்லது எச்பிஎஃப்ஐ றிலே இருக்கவேணும் எண்டு சட்டம். அப்பா அம்மா அதை மாதாமாதம் அழுத்திப் பாக்கினமோ இல்லையோ, சுவரில இருக்கு. காரில அப்படி உங்களுக்காக ஒருத்தரும் ஒன்றும் வைக்கப்போறதில்லை.

கார் செய்யிறவங்கள் இந்த வயருக்கு எவ்வளவு பயப்படுறாங்கள் தெரியுமா? எங்கட பொடியள் உயிரை விடுற பிஎம்டபிள்யூ ஈ46ஐப் பாருங்கோ. பற்றரி டிக்கிக்குள்ள, அங்கயிருந்து முன்னுக்கு ஒரு தடிச்ச வயர். கார் மோதினா அந்த வயரைத் துண்டிக்கவெண்டே பிளஸ் முனையில சின்ன வெடிமருந்து வைச்சிருக்கிறாங்கள். அதுக்குப் பக்கத்தில நீங்கள் ஒரு பியூஸும் இல்லாமல் இன்னொரு வயரை இழுக்கிறீங்கள்.

அந்த "2000 வாட்ஸ்" பெட்டியையும் ஒருக்கால் திருப்பிப் பாருங்கோ. அம்பில 30 அம்பியர் பியூஸ் ரெண்டு. 60ஐ 13.8 வோல்ட்டால பெருக்கினா 828 வாட்ஸ். அதில கால்வாசி சூடாகப் போகும், மிச்சம் கிட்டத்தட்ட 600. 2000 எங்க? பெட்டியில அச்சடிச்ச மையில.

வயரும் அப்படித்தான். வெளியில செம்பு நிறம், உள்ள அலுமினியம். செம்பு கடத்துறதில அறுபது சொச்ச வீதம்தான் அது கடத்தும். உண்மையா 1000 வாட்ஸ் தாற அம்ப் 90 அம்பியர் அளவில இழுக்கும். அதை 10 சதுர மில்லிமீற்றர் அலுமினிய வயரில ஐந்து மீற்றருக்கு அனுப்பினா, காப்பெற்றுக்குக் கீழ 100 வாட்ஸுக்கு மேல சூடு. பேஸ் குறையுது எண்டா காரணம் இதுதான், பியூஸில பழி போடாதேங்கோ. தனிச் செம்பு எண்டு எழுதினதை வாங்குங்கோ. பியூஸை வயரின்ர தடிப்புக்கு ஏற்றமாதிரிப் போடுங்கோ: செம்பு 10க்கு 60 அம்பியர், 20க்கு 100 அளவில. அதுக்கு மேல வேணுமெண்டா பியூஸைப் பெருப்பிக்காதேங்கோ, வயரைப் பெருப்பியுங்கோ. பியூஸ் போனபிறகு பிட்டா சுத்தின தாளை மடிச்சு வைச்ச ஒருத்தனையும் எனக்குத் தெரியும். அவனோட நான் இப்ப காரில ஏறுறதில்லை.

டேனிஷில பியூஸுக்குப் பெயர் 'சிக்ரிங்', காப்புறுதிக்கு 'ஃபொர்சிக்ரிங்'. ரெண்டாவதை நம்பி முதலாவதை விடுற ஆக்களுக்கு ஒரு செய்தி: காஸ்கோ விலை எண்டு வெறும் 'அன்ஸ்வா' மட்டும் கட்டுறவைக்குச் சொந்தக் கார் எரிஞ்சா ஒரு குரோனரும் வராது.

பெரியம்மாவின்ர மகன் இப்ப 20 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர், பற்றரியில இருந்து ஒரு சாண் தள்ளி 100 அம்பியர் பியூஸ், ஓட்டைக்கு ரப்பர் வளையம் எல்லாம் போட்டிருக்கிறான். 10 நம்பர் சாவி கதவுப் பொக்கற்றில கிடக்கு. பேஸ் முந்தினதைவிடக் கூட. பெரியம்மா அதுக்கும் ஏசுறா.