பரணில் இருந்த சட்டி

எங்கள் அம்பாசமுத்திரத்தில் மார்கழி பிறந்துவிட்டால் விடியற்காலையில் தூங்க முடியாது. ஆற்றுக்குக் குளிக்கப் போகிறவர்களின் பேச்சு, வாசல் தெளிக்கும் சத்தம், கோயில் மணி! அந்த மார்கழியின் ஒன்பதாந் தேதியோ பத்தாந் தேதியோதான் கிறிஸ்துமஸும் வருகிறது என்பதை ஐம்பத்தெட்டு வயது வரையில் நான் கணக்கில் எடுத்துக்கொண்டதே இல்லை.

அடுத்த வீடு டீச்சரம்மா வீடு. அவள் வாசலில் காகித நட்சத்திரம் தொங்கினால், நாலு நாளில் பலகாரத் தட்டு வரும் என்று அர்த்தம். எங்களுடையதோ சைவ வீடு. "முட்டை கிட்டை போட்டிருப்பாளோ, யார் கண்டது?" என்பார் என் மாமியார். தட்டைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வோம். பலகாரம் கொல்லை வழியாக மாட்டுக்காரப் பையனிடம் போய்விடும். தட்டை வெறுமையாகத் திருப்பலாமோ? ஒரு கை சர்க்கரை போட்டுக் கொடுப்போம். மரியாதையில் குறை வைத்தோமா, பாருங்கள்! மாமியார் காலமான பிறகும் அந்த வழக்கம் மட்டும் காலமாகவில்லை.

ஒரு வருஷம் டீச்சரம்மாவுக்குக் கையில் சுளுக்கு. "அக்கா, முந்திரிக்கொத்துக்கு உருண்டை பிடிக்கணும், கொஞ்சம் வாங்களேன்" என்று கூப்பிட்டாள். போனேன்.

முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்பைத் தேடாதீர்கள். வறுத்துப் பொடித்த பாசிப்பயறு, வெல்லப்பாகு, தேங்காய், ஏலக்காய், அவ்வளவுதான். சூடு ஆறுமுன் பிடித்தால்தான் உருண்டை நிற்கும். அரிசிமாவுக் கரைசலில் மும்மூன்றாகத் தோய்த்து எண்ணெயில் விட்டால், கொடிமுந்திரிக் குலைபோல ஒட்டிக்கொண்டு எழும்பும்.

பேச்சுவாக்கில் டீச்சரம்மா தன் பிறந்த ஊரான பாளையங்கோட்டைக் கதையைச் சொன்னாள். தஞ்சாவூரிலிருந்து அங்கே வந்த மராத்தியப் பிராமண விதவை ஒருத்தி 1778-ல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றுக் கிளாரிந்தா ஆனாளாம். 1785-ல் அவள் கட்டுவித்த கோயிலுக்குப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே பெயர். பிறந்த வீட்டுப் பண்டிகைகளையெல்லாம் விட்டுவிட்டு வந்தவளாயிற்றே! அவளுடைய முதல் கிறிஸ்துமஸுக்கு யார் வீட்டிலிருந்து தட்டு வந்திருக்கும் என்று எனக்கு யோசனை ஓடிற்று.

பொரிப்பதற்காக அடுப்பருகே இருந்த சட்டியை எடுத்தேன். "அது வேண்டாம், அக்கா. பரணில ஒண்ணு இருக்குல்லா, அதை எடுங்க. உங்க வீட்டுக்குச் சுடுறது எப்பவும் அதுலதான். முட்டையோ மீனோ அதுல பட்டதே இல்லை. இருபத்தாறு வருஷமாச்சு."

எனக்குக் கை ஓடவில்லை. சொல்லிவிடலாமா? வாய் வரவில்லை. குனிந்த தலை நிமிராமல் பொரித்து முடித்தேன்.

அன்று இரவு ஹார்மோனியத்தோடு பாட்டுக்காரர்கள் வந்தார்கள். வருஷா வருஷம் ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டவள், அன்று அவள் திண்ணையில் குழந்தைகளுக்கு நடுவே உட்கார்ந்து கேட்டேன். தலைதீபாவளிக்குப் பிறகு என் மனசு அப்படித் துள்ளியது அன்றைக்குத்தான்.

மறுநாள் தட்டு வந்தது. கொல்லைக் கதவைத் தாழிட்டுவிட்டு, எங்கள் வீட்டுக்காரரிடம் கொண்டுபோய் நீட்டினேன். ஒன்றைக் கடித்தார், இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார்.

"பிரமாதமா இருக்கே! வருஷா வருஷம் குடுப்பாங்களே, இத்தனை நாளா இதையெல்லாம் யார் தின்னது?" என்றார்.