இறையியல் யார் சொத்து?

1938 டிசம்பரில் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் உலக மிஷனரி மாநாடு கூடியது. பிற சமயங்களுக்கும் கிறித்துவின் வெளிப்பாட்டுக்கும் தொடர்ச்சியே இல்லையென்று அதற்கென நூலெழுதியவர் டச்சு அறிஞர் கிரேமர். அவ்வாண்டே ‘ரீதிங்கிங் கிறிஸ்டியானிட்டி இன் இந்தியா’ என்ற நூலால் அவரை எதிர்கொண்டது ஒரு சென்னை நண்பர் குழு. அதில் முன்நின்ற பி. செஞ்சையா நீதிபதி, சக்கரைச் செட்டியார் வழக்கறிஞர், தொழிற்சங்கத் தலைவர், பின்னர் 1941இல் சென்னை மேயர். இருவரும் குருப்பட்டம் பெற்றவர்கள் அல்லர்.

இன்று தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கத்துச் சபைகளில் நாம் காண்பதென்ன? கணக்கெழுத, பந்தல் போட, அசனத்துக்கு அரிசி வாங்க விசுவாசி வேண்டும். கமிட்டித் தேர்தலில் (அப்பப்பா, அந்த ஆவேசம்!) அவர் வாக்கும் வேண்டும். ஆராதனை முடிந்து வாசலில் நின்று பிரசங்கத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாலோ அது ‘முறுமுறுப்பு’.

படியாதவர் பேசினால் துர்உபதேசம் பெருகுமாம். பேசவிடாத சபையிலிருந்துதான் மக்கள் தொலைக்காட்சிப் பிரசங்கியாரிடம் போகிறார்கள். தமிழாசிரியரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாட எந்தக் குருப்பட்டம் தேவைப்பட்டது?

மாதம் ஒரு ஞாயிறு மாலை ஆயர் பீடத்தைவிட்டு இறங்கி எல்லாரோடும் நாற்காலியில் அமரட்டும். செஞ்சையாவிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.