கயிறு பிடிக்க யார்?

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடலுக்குள் இறங்குகிறவரின் கயிற்றைத் தோணியிலிருந்து பிடிப்பவர் அவருடைய மச்சானாகத்தான் இருப்பார் என்று தூத்துக்குடிக் கரையில் சொல்வார்கள். உடன்பிறந்தவள் தாலியறுக்க எவனும் சம்மதிக்க மாட்டான், கயிறு அசைந்த உடனே இழுத்துவிடுவான் என்பது கணக்கு. 1961-ஆம் ஆண்டோடு இங்கே முத்துச் சலாபம் ஓய்ந்தது. வாகைகுளம் விமான நிலையத்துக்கு வழியனுப்ப வரும் வேன்களைப் பார்க்கும்போது அந்தக் கயிறுதான் நினைவுக்கு வருகிறது.

உப்பளத்தில் கால் வெடித்த தாயும், துறைமுகத்தில் மூட்டை சுமந்த தகப்பனும், ஊரே திரண்டு வந்து மாலை போட்டு அனுப்புகிற பிள்ளை. ரஷ்யா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான், பிலிப்பைன்ஸ் என்று மருத்துவம் படிக்கப் போகிறவர்கள் உண்டு. அரசு உதவித்தொகை பெற்று இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் மேற்படிப்புக்குப் போகிறவர்கள் உண்டு. குடும்பத்தில் முதன்முதலாகக் கடல் கடக்கும் பிள்ளைகள் இவர்கள். கட்டணம் எவ்வளவு, விசா எப்போது, எந்த ஏஜெண்ட் என்ற கேள்விகளெல்லாம் வீட்டில் மாதக்கணக்கில் பேசப்பட்டிருக்கும். அங்கே நடுராத்திரியில் வயிற்றுவலி வந்தால் யாரைக் கூப்பிடுவது என்ற கேள்வி மட்டும் பேசப்பட்டிருக்காது.

அந்தக் கேள்வி அற்பமானதல்ல. அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் வெளிநாடுகளில் 633 இந்திய மாணவர்கள் இறந்திருக்கிறார்கள் என்று 2024 ஜூலையில் மக்களவையில் ஒன்றிய அரசு தெரிவித்தது. கனடாவில் மட்டும் 172 பேர். தாக்குதலில் இறந்தவர்கள் 19 பேர். ஏனையோரின் மரணத்துக்கு நோய், விபத்து உள்ளிட்ட பிற காரணங்கள். தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது துப்பாக்கிச் சூட்டை. பிள்ளைகளைக் கொண்டுபோவது பெரும்பாலும் வேறு.

2022-இல் உக்ரைன் போர் மூண்டபோது அரசு என்ன செய்ய முடியும் என்பதைப் பார்த்தோம். 'ஆபரேஷன் கங்கா' விமானங்கள் பறந்தன. தமிழ்நாடு அரசு கட்டுப்பாட்டு அறை திறந்தது. நாடாளுமன்ற உறுப்பினர்களும் சட்டமன்ற உறுப்பினரும் கொண்ட ஒரு குழுவையே அமைத்தது. ஏறத்தாழ 1,900 தமிழ்நாட்டு மாணவர்கள் வீடு வந்து சேர்ந்தார்கள். நன்றி சொல்ல வேண்டிய பணி அது. ஆனால் போர் வந்தால் விமானம் வருகிறது. ஒரு பெண்ணுக்குத் தனியே குடல்வால் வீங்கினால் யாரும் வருவதில்லை. தனித்தனியாக வரும் ஆபத்துக்குக் கட்டுப்பாட்டு அறை கிடையாது. அங்கே வேலை செய்வது பழக்கமும் செல்வாக்கும்தான். மாமா அமைச்சரின் உதவியாளருக்குப் பேசுவார், சித்தப்பாவின் நண்பர் அந்த ஊரிலேயே டாக்டராக இருப்பார், சாதிச் சங்கம் பணம் திரட்டும். இந்த மூன்றும் இல்லாத வீட்டுப் பிள்ளையைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

உதவி இல்லாமல் இல்லை என்பதே இதில் வேதனை. 2009-இல் தொடங்கப்பட்ட இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று இப்போது ஒவ்வொரு இந்தியத் தூதரகத்திலும் இருக்கிறது. தூதரகச் சேவைகளுக்கு இந்தியர்கள் கட்டும் தொகையோடு சேர்த்து வசூலிக்கப்படும் சிறு கட்டணத்தில் சேர்வது அது, நம்முடைய பணம். வசதியற்றவர்களின் அவசர சிகிச்சைக்கும், தங்க இடத்துக்கும், ஊர் திரும்பும் விமானச் சீட்டுக்கும், தொடக்கநிலைச் சட்ட உதவிக்கும், இறந்தால் உடலைக் கொண்டுவரவும் அதிலிருந்து செலவு செய்ய விதி இடம் தருகிறது. வசதியற்றவர் என்று காட்ட வேண்டும், கேட்க வேண்டும். கேட்கத் தெரிந்தவருக்கே அது நிதி. 2015 முதல் 'மதத்' என்ற இணையதளமும் இருக்கிறது. இந்தியில் 'உதவி' என்று பொருள். பெற்றோரே ஊரிலிருந்து அதில் புகார் பதியலாம். பதிந்தால் ஒரு எண் கிடைக்கும். மாணவர்கள் தங்கள் முகவரியையும் கல்லூரியையும் முன்கூட்டியே பதிந்துவைக்கவும் அதில் இடம் உண்டு. நம் மாவட்டத்து வீடுகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? ஏஜெண்ட் சொல்ல மாட்டார். அவருடைய வேலை விமானம் கிளம்பியதோடு முடிந்துவிடுகிறது.

சரி, தூதரகம் தூரம். பக்கத்து அறையில் தமிழர்கள் இருப்பார்களே என்பார்கள். இருப்பார்கள். அவசரத்தில் முதலில் கதவைத் திறப்பவர்களும் அவர்கள்தான். ஆனால் அந்தக் கதவுக்கு முன்னால் நம் பிள்ளைகள் சந்திக்கும் கேள்விகளை மற்றவர்கள் அறிய மாட்டார்கள். சொந்த ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம், குலசாமி எது, என்ன சாப்பிடுவீர்கள். பதில் வந்ததும் பேச்சு லேசாக மாறும். அறைத்தோழர் தேடும் குழுவில் இடம் இல்லை என்று ஒரு செய்தி வரும். பெயரையும் ஊரையும் மறைத்து ஒரே அறையில் நான்கு ஆண்டு இருப்பவர், உடம்புக்கு முடியாதபோது யாரிடம் மனம்விட்டுச் சொல்வார்? கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்பது பொய் என்று அங்குள்ளவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022-இல் தன் பாகுபாட்டு எதிர்ப்பு விதியில் சாதியைச் சேர்த்தது. சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார் என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டியதே. ஆகவே பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தை முதல் வாரமே போய்ப் பார்த்துப் பெயர் சொல்லி அறிமுகமாகிவிடுவது நல்லது. அங்கே குலசாமி கேட்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் அண்ணலின் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு துண்டு உண்டு. 1913-இல் பரோடா அரசின் உதவித்தொகையில் நியூயார்க் போனவர், லண்டனில் படித்துக்கொண்டிருக்கும்போதே உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. உலகப் போர்க் காலம். அவருடைய புத்தகங்களும் சாமான்களும் வேறு கப்பலில் வந்தன. அந்தக் கப்பல் நீர்மூழ்கிக் குண்டுக்கு இரையானது. சாமான்களுக்கு ஈடாகத் தாமஸ் குக் நிறுவனம் 600 ரூபாய் தந்தது. பரோடாவுக்கு வேலைக்குப் போகும் செலவுக்கு உதவியது அந்தப் பணம்தான். படிப்பை முடிக்க 1920-இல் மறுபடி லண்டன் போனபோது தன் சேமிப்போடு கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும், நியூயார்க்கில் அறைத்தோழராக இருந்த பார்சி நண்பர் நாவல் பதேனாவின் கடனும் துணைக்கு வந்தன. அம்பேத்கர் மேதை. மேதைக்கும் ஒரு காப்பீடும், ஒரு நண்பரும், ஒரு கொடையாளியும் தேவைப்பட்டார்கள்.

இன்று கொடையாளியின் இடத்தில் அரசு இருக்க வேண்டும். பெருமளவு இருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டாம். அண்ணல் அம்பேத்கர் பெயரில் தமிழ்நாடு அரசு நடத்தும் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை, கல்விக் கட்டணத்தோடு மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தையும் ஏற்கிறது. ஆனால் 2025 ஜூலையில் அந்தத் திட்டத்துக்குத் தேர்வான 106 பேரில் 40 பேருக்குத்தான் முதலில் கடிதம் கொடுத்தார்கள். மீதி 66 பேர் நிதி இருந்தால் பார்க்கலாம் என்று காத்திருக்க வைக்கப்பட்டார்கள். இதைச் சிலர் நிர்வாகக் கோளாறு என்பார்கள். நாம் இதை உடல்நலப் பிரச்சினை என்கிறோம். வாழ்க்கைப்படி இரண்டு மாதம் தாமதமானால் மாணவர் முதலில் குறைப்பது சாப்பாட்டை, அடுத்தது மருந்தை, பிறகு வாடகை குறைந்த, சூடேற்றி சரியில்லாத அறைக்கு மாறுவதை. நல்ல வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அப்பா பணம் அனுப்பிவிடுவார். நம் வீட்டில் அப்பாவே மகனின் பணத்தை எதிர்பார்த்திருப்பார்.

சூடேற்றி என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று. நம் வெயிலில் வளர்ந்தவர்களுக்குக் குளிர் தெரியாது. குளிரைவிடக் குளிருக்கு மூட்டும் நெருப்பு ஆபத்தானது என்பதும் தெரியாது. 2024 டிசம்பரில் ஜார்ஜியாவின் குடௌரியில் உணவகத்தில் வேலை பார்த்த 11 இந்தியர்கள் தூங்கிய இடத்திலேயே இறந்தார்கள். மூடிய இடத்தில் ஓடிய ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று கூறப்பட்டது. அதற்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. கரி அடுப்போ, புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரோ வைத்து ஜன்னலைச் சாத்திப் படுக்கக் கூடாது. தண்ணீரும் அப்படித்தான். 2020 ஆகஸ்டில் ரஷ்யாவில் வோல்கா ஆற்றில் தமிழ்நாட்டு மருத்துவ மாணவர்கள் நான்கு பேர் மூழ்கி இறந்தார்கள். கிணற்றிலும் கடலிலும் நீந்திப் பழகிய துணிச்சல் நம் பிள்ளைகளுக்கு அதிகம். குளிர்நாட்டு ஆறு அதை மதிக்காது.

காப்பீடு பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் விசாவுக்கே ஆண்டுக்கு 776 பவுண்ட் மருத்துவக் கட்டணம் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் போய்ச் சேர்ந்ததும் குடியிருக்கும் பகுதி டாக்டரிடம் பெயர் பதிந்தால்தான் அந்தப் பணத்தின் பலன் ஒழுங்காகக் கிடைக்கும். அமெரிக்காவில் காப்பீடு இல்லாமல் ஆம்புலன்ஸ் ஏறினாலே கடனாளி. பல நாடுகளில் ஏஜெண்ட் எடுத்துக்கொடுக்கும் மலிவான காப்பீடு, ஏற்கெனவே உள்ள நோயையும் பல்லையும் கண்ணையும் சேர்ப்பதில்லை. கிளம்புமுன் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல், கண், ரத்தம் மூன்றையும் பார்த்துவிடலாம்; பெண் பிள்ளைகள் ரத்தசோகையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆஸ்துமா போன்ற தொந்தரவு உள்ளவர்கள் மருந்தின் வேதிப்பெயரோடு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இங்கே நாம் எழுதும் கம்பெனிப் பெயர் அங்கே விளங்காது.

காகிதங்களைப் பற்றி இம்மாவட்டத்து தலித் மக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் புகுந்த போலீஸ் படை எதையெல்லாம் அழித்தது என்று ஊர்மக்கள் சொன்ன பட்டியலில் கடவுச்சீட்டும் கல்விச் சான்றிதழ்களும் இருந்தன. வளைகுடாப் பணத்தில் தலைநிமிர்ந்த ஊர் அது. அதன் கடவுச்சீட்டுதான் கண்ணை உறுத்தியது. இன்று அதே கடவுச்சீட்டை ஏஜெண்டோ விடுதிக்காரரோ 'பத்திரமாக வைத்திருக்கிறேன்' என்று கேட்டால் கொடுத்துவிடுகிறோம். கொடுக்கக் கூடாது. கடவுச்சீட்டு, விசா, காப்பீட்டு அட்டை, சாதிச் சான்று எல்லாவற்றின் நகலும் வீட்டில் ஒன்று, பிள்ளையின் போனில் ஒன்று, ஊரில் நம்பிக்கையான ஆசிரியரிடம் ஒன்று இருக்கட்டும். நள்ளிரவில் தூதரகம் கேட்கும்போது அம்மா பெட்டியைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

இதெல்லாம் குடும்பம் செய்ய வேண்டியது. அரசு செய்ய வேண்டியதைக் குடும்பத்தின் தலையில் கட்டவும் முடியாது. கோரம்பள்ளத்தில் உள்ள மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில், இம்மாவட்டத்திலிருந்து வெளிநாட்டில் படிக்கும் பட்டியலின மாணவர்களின் பதிவேடு ஒன்று வேண்டும். உதவித்தொகை பெற்றவர்கள் மட்டுமல்ல, நிலத்தை விற்றும் கடன் வாங்கியும் போனவர்களும் அதில் வர வேண்டும். பெற்றோர் தமிழில் பேச, அவர்களுக்காகத் தூதரகத்துக்கு ஆங்கிலத்தில் எழுத, பெயர் குறிப்பிட்ட ஓர் அலுவலர் வேண்டும். வாழ்க்கைப்படி தாமதமாகும்போதும் திடீர் சிகிச்சைக்கும், பிறகு ரசீது பார்த்துக்கொள்ளலாம் என்று 48 மணி நேரத்துக்குள் பணம் அனுப்பும் ஒரு சிறு அவசர நிதி வேண்டும். செலவு செய்துவிட்டு ரசீது கொண்டுவா என்பது கையில் பணம் உள்ளவனுக்கு எழுதிய விதி. ஆண்டுக்கு 36 லட்சம் கொடுக்க மனமுள்ள அரசுக்கு இது பெரிய தொகையல்ல.

அதுவரை நூலகத்திலும் படிப்பு வட்டங்களிலும் உள்ள இளைஞர்கள் ஒரு வேலை செய்யலாம். ஊரில் வெளிநாடு போயிருக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் 'மதத்' தளத்தில் பதியவைப்பது அரைமணி நேர வேலை. அயலகத் தமிழர் நல வாரியத்தில் 18 முதல் 55 வயது வரையிலானவர்கள் 200 ரூபாய் கட்டி உறுப்பினராகலாம். அந்தத் துறையின் உதவி எண் 1800 309 3793, இந்தியாவுக்குள் இலவசம். வெளிநாட்டிலிருந்து 80 6900 9901, முன்னால் இந்தியாவின் 91 சேர்க்க வேண்டும். பிள்ளை இருக்கும் நாட்டின் அவசர எண்ணையும் பெற்றோர் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்: ஐரோப்பாவிலும் ரஷ்யாவிலும் ஜார்ஜியாவிலும் 112, அமெரிக்காவிலும் கனடாவிலும் பிலிப்பைன்ஸிலும் 911, இங்கிலாந்தில் 999. பால் கணக்கு எழுதும் சுவரில், பெரிய எழுத்தில், எழுதப் படிக்கத் தெரிந்த பேத்தி வாசித்துக் காட்டுகிற மாதிரி எழுதிவைத்தால் போதும்.