கடிகாரம் யார் கையில்?

முதலாளிக்கும் தொழிலாளிக்கும் பகையே வேண்டாம், வேலையை விஞ்ஞான முறையில் அமைத்துவிட்டால் இருவரும் செழிக்கலாம் என்று உபதேசித்தவர் அமெரிக்கப் பொறியாளர் பிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர். 'விஞ்ஞான நிர்வாகத்தின் தந்தை' என்று நிர்வாகக் கல்லூரிகள் இன்றும் அவரைக் கொண்டாடுகின்றன. கொண்டாடட்டும்! நாம் கணக்குப் பார்ப்போம்.

1856ல் பிலடெல்பியாவில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர் டெய்லர். பட்டறையில் தொழில் பழகி, 1878ல் மிட்வேல் உருக்காலையில் சேர்ந்து, மேஸ்திரியாகி, தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். வேலையின் நுணுக்கம் தொழிலாளியிடம் இருக்கிறது, நிர்வாகத்திடம் இல்லை என்பதை அங்கே கண்டுகொண்டார். அந்த அறிவைக் கைப்பற்றவே கடிகாரத்தை எடுத்தார்.

1899ல் பெத்லெஹெம் உருக்காலை. 92 பவுண்டு எடையுள்ள இரும்புப் பாளத்தைச் சுமந்து ரயில் வண்டியில் ஏற்றும் வேலை. ஒரு ஆள் நாளொன்றுக்கு ஏற்றியது பன்னிரண்டரை டன். கூலி 1 டாலர் 15 சென்ட். எப்போது தூக்குவது, எப்போது உட்காருவது என்பதையெல்லாம் டெய்லரின் ஆட்களே கட்டளையிட்டார்கள். சுமை நாற்பத்தேழரை டன் ஆயிற்று! கூலியோ 1 டாலர் 85 சென்ட்.

தோழர்களே, சுமை ஏறத்தாழ நான்கு மடங்கு. கூலி உயர்வு நூற்றுக்கு ஏறத்தாழ அறுபத்தொன்று மட்டுமே. மிச்சம் யார் பைக்குப் போயிற்று? இதுதான் இருவரும் செழிக்கும் லட்சணமா?

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. 1911ல் வெளியான தமது நூலில், இந்த வேலைக்கு ஏற்றவன் எருதைப் போன்ற மந்த புத்திக்காரன் என்று டெய்லர் எழுதினார். மூளை அலுவலகத்தில், முதுகு மட்டும் தொழிலாளியிடம்! அவரது தத்துவத்தின் சாரம் இதுவே. ஆனால் அதே டெய்லர் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார்: அதிகம் உற்பத்தி செய்தால் முதலாளி கூலி விகிதத்தை வெட்டுவான் என்று அனுபவத்தில் கண்டே தொழிலாளி வேகத்தை அடக்குகிறான். அப்படியானால் குற்றவாளி யார்?

எருதுகள் அல்ல என்பதைத் தொழிலாளர்கள் காட்டினார்கள். 1911 ஆகஸ்டில் வாட்டர்டவுன் ராணுவத் தளவாடச் சாலையில், கடிகாரம் வைத்து அளக்க மறுத்த வார்ப்புத் தொழிலாளி ஒருவர் நீக்கப்பட்டார். மற்ற வார்ப்புத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். அமெரிக்கப் பாராளுமன்றக் குழு டெய்லரையே அழைத்து விசாரித்தது. டெய்லர் இறந்த 1915லேயே, ராணுவத் தொழிற்சாலைகளில் கடிகார அளவை சட்டம் தடுத்தது.

நாம் விஞ்ஞானத்துக்கு எதிரிகளா? இல்லை. 1913ல் இம்முறையை வியர்வை பிழியும் முறை என்று சாடிய லெனின், 1918ல் அதிலுள்ள விஞ்ஞான அம்சத்தை ஆராய்ந்து எடுத்துக்கொள்ளவும் சொன்னார். வீண் அசைவு குறைந்தால் நல்லதுதான். மிச்சமாகும் நேரம் யாருக்கு ஓய்வாகிறது, யாருக்கு லாபமாகிறது என்பதே கேள்வி.

டெய்லர் மறைந்தார், கடிகாரம் மறையவில்லை. அமெரிக்கப் பண்டகசாலைகளில் இன்று கருவிகள் நொடிகளை எண்ணுகின்றன. 2021ல் கலிபோர்னியா, வேலை அளவு என்ன என்பதைத் தொழிலாளிக்கு எழுத்தில் தர வேண்டும் என்று சட்டம் செய்தது. அதற்கே நூறாண்டுக்கு மேல் ஆயிற்று!

வேலைப் பளுவை அளக்க வருபவனிடம் கேளுங்கள்: எங்கள் சங்கத்தைக் கேட்டாயா? கூடுதல் உற்பத்தியில் எங்கள் பங்கு என்ன? ஒருவர் கேட்டால் வேலை போகும். எல்லோரும் சேர்ந்து கேட்டால் பதில் வரும்.