பொடிக்குக் கணக்கு உண்டு, மூச்சுக்கு?

தில்லியில் குளிர் தொடங்கினால் நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு இழுப்பும் கூடவே தொடங்கிவிடுகிறது. ஊரிலிருந்து எங்களோடு இருக்க வந்த என் தாயாருக்கு மருத்துவமனையில் பொடி மருந்தை உறிஞ்சும் இன்ஹேலர் கொடுத்தார்கள். உபயோகிக்கும் முறையை இந்தியில் சொன்னார்கள். அம்மாவும் தலையை ஆட்டினார். மூன்று வாரமாகியும் இழுப்பு நிற்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, கருவியில் போட்டு உறிஞ்ச வேண்டிய காப்ஸ்யூலை அவர் தினம் இரண்டு வேளை வெந்நீரில் விழுங்கிக்கொண்டிருந்தார் என்று! "மாத்திரைன்னா முழுங்கத்தானேடா?" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. கூடவே போயிருந்தும் மருந்துச் சீட்டை மட்டும் கவனித்தவன் நான்தானே!

அந்த வெட்கத்தில்தான் இந்தப் பொடியைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

கோலமாவு விரலிடுக்கில் தாராளமாக வழியும். திருநீறோ விரலை விட்டு லேசில் போகாது. கொரகொரப்பான பொடி வழியும், நைசான பொடி ஒட்டும். மருந்துப் பொடியின் சங்கடமும் இதுதான். நுரையீரலின் ஆழத்தை அடைய மருந்துத் துகள் ஏறக்குறைய 1 முதல் 5 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான்! துகள் பெரிதானால் தொண்டையிலேயே தங்கிவிடும். ஆனால் இத்தனை நுண்ணிய துகள்களோ, தம் எடையைப் போலப் பல மடங்கு பலத்தோடு ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. ஆகவே, லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையின் பெரிய துகள்கள் மேல் மருந்தை ஒட்டவைத்துத் தருகிறார்கள். நாம் உறிஞ்சும் வேகத்தில் மருந்து சர்க்கரையை விட்டுப் பிரிந்து உள்ளே போக வேண்டும். பிரியாத மருந்து தொண்டையோடு நின்றுவிடும்.

கண்ணிமைக்கும் நேரத்தில் நடக்கும் இந்தப் பிரிவைக் கணினிக்குள் நடத்திப் பார்க்கிறார்கள் விஞ்ஞானிகள். கண்டால், ஸ்ட்ராக் என்னும் இருவர் மண் துகள்களின் அசைவைக் கணக்கிட 1979இல் வெளியிட்ட முறைதான் இதற்கும் உதவுகிறது. ஒவ்வொரு துகளையும் எது தள்ளுகிறது, எது இழுக்கிறது, எதில் மோதுகிறது என்று நொடியின் மிகச் சிறு பங்குதோறும் கணக்குப் போட வேண்டும். காற்றின் ஓட்டத்துக்கு வேறு தனிக் கணக்கு. ஒரு காப்ஸ்யூலில் 200 மைக்ரோகிராம் மருந்து, துகள் 3 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், துகள்கள் ஏறக்குறைய ஒரு கோடி! அத்தனையையும் பின்தொடர்வது பெரும்பாடு என்பதால் சிறு பகுதியை எடுத்துக் கணக்கிடுகிறார்கள்.

பலன் இல்லாமல் இல்லை. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் ஓர் இன்ஹேலரைக் கணினியிலும் சோதனைச் சாலையிலும் ஆராய்ந்தார்கள். உள்ளிருக்கும் சிறு சல்லடையின் இடைவெளியைக் கூட்டினால் மருந்து கருவியிலேயே அதிகம் தங்கிவிடுகிறது, வாய்வைக்கும் குழாயின் நீளத்தாலோ பெரிய வித்தியாசம் இல்லை என்று கண்டார்கள். ஒவ்வொரு வடிவத்தையும் செய்து செய்து பார்க்கும் செலவு இப்படி மிச்சமாகிறது.

எல்லாம் சரி. ஆனால் இந்தக் கணக்கில் காற்று யாருடைய மூச்சு? இன்ஹேலரைப் பரிசோதிக்கும் பொது விதிப்படி, 4 கிலோபாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் 4 லிட்டர் காற்றை இயந்திரம் இழுக்கும். இழுப்பில் தவிக்கும் எழுபது வயதுப் பாட்டியோ, ஆறு வயதுக் குழந்தையோ அப்படி இழுக்க முடியுமா? மெலிந்த மூச்சையும் கணினிக்குக் கொடுத்து, அதிலும் மருந்து பிரியும்படி கருவி செய்ய வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

அதுவரை நம்மால் ஆனதைச் செய்வோம். அழுத்தினால் பீய்ச்சும் ஸ்பிரே இன்ஹேலரை மெதுவாக இழுக்க வேண்டும். பொடி இன்ஹேலரை, உதடுகளை நன்றாக மூடிக்கொண்டு, தொடக்கத்திலிருந்தே வேகமாகவும் ஆழமாகவும் உறிஞ்ச வேண்டும். இரண்டையும் குழப்பினால் மருந்து வீண். மூச்சை முதலில் வெளியே விட்டுக்கொள்ள வேண்டும், கருவிக்குள் ஊதக் கூடாது. ஈரம் பட்டால் பொடி கட்டிக்கொள்ளும். உறிஞ்சியபின் பத்து எண்ணும் வரை மூச்சை அடக்கி, பிறகு வாயைக் கொப்பளிப்பது நல்லது. வேகமாக உறிஞ்ச முடியாதவர்கள் மருத்துவரிடம் சொல்லி வேறு கருவி கேட்கலாம்.

இதையெல்லாம் அவரவர் தாய்மொழியில் சொல்ல ஆள் வேண்டும். நம் சங்கத்தில் மருத்துவர்களுக்குக் குறைவில்லை. குளிர் தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெறும் கருவிகளை வைத்துக்கொண்டு, பெரியவர்களைத் தமிழில் செய்து காட்டச் சொல்லிப் பார்த்தால் என்ன? இன்று என் அம்மா சரியாக உறிஞ்சுகிறார், இரவில் தூங்குகிறார். கோடித் துகளுக்குக் கணக்குப் போடும் காலத்தில், வீட்டில் ஒருவர் மருந்து எடுப்பதை ஐந்து நிமிடம் பக்கத்தில் அமர்ந்து பார்க்க நமக்கு நேரம் இல்லையா?