இத்தாலியில் பண்ணைவீடு... அங்கேயும் அம்மாதான் சமையலா?

'பத்தே நாளில் ஏழு நாடு! நம்மூர்ச் சாப்பாடு நிச்சயம்!' - லீவு நெருங்கினால் பேப்பரைப் பிரித்ததும் கண்ணில் படுவது இந்த மாதிரி விளம்பரம்தான். போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். விடியற்காலையில் எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி, ஒரு கோபுரத்தின் முன்னால் இறக்கிவிட்டு, 'இருபது நிமிஷத்தில் வந்துடணும்' என்றிருப்பார்கள். கால் வீக்கம், மலச்சிக்கல், தூக்கமின்மை... எல்லாம் டிக்கெட்டோடு இலவசம்!

மகன் ஜெர்மனியில், மகள் லண்டனில், அப்பா அம்மா இங்கே என்று பிரிந்து கிடக்கிற குடும்பமா உங்களுடையது? எல்லோரும் ஒரு வாரம் ஒரே கூரையின் கீழ் இருக்க ஆசைப்பட்டால், இத்தாலியின் கிராமப்புறத்தில் ஒரு பண்ணைவீட்டை வாடகைக்கு எடுங்கள். என் ஓட்டு அதற்குத்தான். ஆனால், ஒரு நிபந்தனை உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

பிளாரன்ஸுக்கும் சியனாவுக்கும் நடுவே இருக்கின்றன கியான்டி குன்றுகள். திராட்சைத் தோட்டம், ஆலிவ் மரங்கள், நெட்டுக்குத்தாக நிற்கிற சைப்ரஸ், நடுநடுவே கல்வீடுகள். எல்லாம் ஜமீன்தார் பங்களா என்று நினைத்துவிடாதீர்கள். இவற்றில் ஏராளமானவை குடியானவர் வீடுகள். நிலம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது, விளைச்சலில் பாதிக்குப் பாதி என்ற ஏற்பாடு அங்கே பல நூற்றாண்டுகள் இருந்தது. அந்த நிலத்தை உழ ஆள்பலம் வேண்டுமே! அதனால் கூட்டுக் குடும்பம். கீழே மாட்டுத்தொழுவம், அந்தச் சூடு மேலே ஏற மாடியில் குடும்பம், நடுவில் பெரிய சமையலறை. 1950, 60-களில் இளவட்டங்கள் ஆலை வேலைக்கு நகரத்தைப் பார்க்கப் போய்விட, வீடுகள் காலியாகின. 1964-ல் இந்த மாதிரிக் குத்தகையைப் புதிதாக எழுதக் கூடாது என்றே சட்டம் வந்தது. பிறகு 1985-ல் இன்னொரு சட்டம். விவசாயி தன் பண்ணையிலேயே விருந்தாளிகளைத் தங்கவைத்துச் சம்பாதிக்க அது வழி செய்தது. 'அக்ரிதுரிஸ்மோ' என்பது இதுதான். கூட்டுக் குடும்பத்துக்காகக் கட்டின வீடு, ஆக, உங்களுக்குச் சரியாக இருக்கும்.

உடம்புக்கும் நல்லது. சர்க்கரை நோய்க்காரர் தன் வேளைக்குத் தானே சாப்பிடலாம். பஸ் நிற்கும்வரை காத்திருக்க வேண்டாம். டஸ்கனி ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள். முதல் வாய் சப்பென்றிருக்கும். பி.பி. உள்ளவர்கள் சந்தோஷப்படலாம்! அந்த ஊர்க்காரர்களுக்கு 'பீன்ஸ் தின்னிகள்' என்று பட்டப்பெயரே உண்டு. பழைய ரொட்டி, பீன்ஸ், கருங்கீரை போட்டுக் காய்ச்சுகிற 'ரிபொல்லிதா' சூப் சைவர்களுக்கும் தோதானது. (எலும்பு வேகவைத்த தண்ணீரில் செய்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பார்மிசான் சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால் உறைய வைக்கிறார்கள். சுத்த சைவர்கள் தள்ளிவிடுவதே உத்தமம்.)

இப்போது அந்த நிபந்தனை.

பன்னிரண்டு பேர் ஒரு வீட்டில். காலையில் ஆறு பேருக்குக் காபி, நாலு பேருக்கு டீ, பேரனுக்குப் பால், பெரியவருக்குக் கஞ்சி. பதினொரு மணிக்கு 'பசிக்குது' என்று ஒரு குரல். சாயந்திரம் 'ரசம் வெச்சா நல்லாருக்கும்ல?' என்று இன்னொரு குரல். யார் செய்வது? அம்மா. கூட மருமகள். இங்கேயாவது பாத்திரம் தேய்க்க ஆள் வரும். அங்கே அதுவும் கிடையாது. மற்றவர்கள் திராட்சைத் தோட்டத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, வருஷம் முழுக்க அடுப்படியில் நின்ற அதே முழங்கால்கள் அங்கேயும் அடுப்படியில். இதற்கு விமானச் செலவு எதற்கு? அப்படியானால் அந்த ஏழு நாட்டு பஸ்ஸே மேல் என்பேன். அங்கே அவருக்கும் ஒரு சீட் உண்டு.

அதனால் அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன்பே குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். ஏழு இரவு இருக்கிறது. இரண்டு இரவு பண்ணைக்காரர் வீட்டுச் சாப்பாடு (கொடுப்பார்களா என்று முன்னாலேயே கேட்க வேண்டும்). ஒரு இரவு கிராமத்து ஓட்டல். பணவசதி இருந்தால், சமைக்க உள்ளூர் அம்மா ஒருவரை வீட்டுக்காரர் மூலமே ஏற்பாடு செய்யலாம். பாக்கி இரவுகள் ஆண்கள் முறை. பாஸ்தா வேக பத்து நிமிஷம் ஐயா, பி.காம். படித்தவருக்கு முடியாதா? காலை டிபன் அவரவர் கையால். சாம்பார்ப்பொடி, அரிசி கொஞ்சம் எடுத்துப் போங்கள். நெய், பால்கோவா, கறிவேப்பிலை வேண்டாம். ஐரோப்பிய எல்லையில் பிடுங்கிவிடுவார்கள்.

எப்போது போவது? ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். வெயில் 35 டிகிரியைத் தாண்டுவது சகஜம், வாடகையும் உச்சத்தில் இருக்கும். நம் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே. அங்கே அது வசந்தம். ஸ்வெட்டர் மட்டும் போதும். சீசனில் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை என்றுதான் பெரும்பாலும் வாடகைக்கு விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சின்ன ஊர்க் கடைகள் மூடிக்கிடக்கலாம். பால், ரொட்டி, பழம் வாங்கிக்கொண்டே வீட்டுக்குப் போய்ச் சேருங்கள்.

கார் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது. ஒன்பது பேர் வேன் வரை ஓட்ட, நம்மூர் லைசென்ஸோடு சர்வதேச பர்மிட்டும் வேண்டும். விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம். பழைய நோய்களுக்கும் அது பொருந்துமா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள், ஏஜென்ட் சொல்வதை நம்பாதீர்கள். மாத்திரைகளை மூலப்பெயர் எழுதின சீட்டோடு கொண்டு போங்கள். மருந்துக்கடைக்குப் பச்சைச் சிலுவை அடையாளம், அவசரத்துக்கு 112.

விளம்பரத்தில் அரசாங்கப் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். 2025 ஜனவரியிலிருந்து அது கட்டாயம். எண் இல்லாத வீடு, எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். பிறகு வீட்டுக்காரருக்கு எழுதிக் கேளுங்கள்: தரைத்தளத்தில் பாத்ரூமோடு படுக்கையறை உண்டா? மாடிப்படிக்குக் கைப்பிடி உண்டா? நீச்சல்குளத்தைச் சுற்றி வேலி உண்டா? பக்கத்து ஆஸ்பத்திரிக்கு, ராத்திரியில், எத்தனை நிமிஷம்? பதில் எழுத்தில் வரட்டும். அதுவரை பணம் உங்கள் பாங்கிலேயே இருக்கட்டும்.