வெட்டிப் போட்டால் அத்தியாயம் ஆகாது

நாவலின் முதல் வரைவை அத்தியாயம் எதுவும் பிரிக்காமல் ஒரே ஓட்டமாக எழுதி முடித்துவிட வேண்டும், பிறகு நிதானமாக உட்கார்ந்து இரண்டாயிரம் சொல்லுக்கு ஒன்று என்று வெட்டி எண் போட்டுக்கொள்ளலாம் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். இதைத் தன்னுடைய பழக்கம் என்று சொல்லியிருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன். எழுதும் பழக்கம் அவரவர் பாடு. அவரோ இதை விதியாகச் சொல்கிறார். அதுவும் முதல் நாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் இளைஞர்களிடம் சொல்கிறார். அந்த விதிக்கு இலக்கிய வரலாற்றைச் சாட்சிக்கும் கூப்பிடுகிறார். அவர் கூப்பிட்ட சாட்சிகளில் ஒன்றுகூட அவர் பக்கம் பேசவில்லை.

அவருடைய வாதத்தின் அஸ்திவாரம் இது: அத்தியாயம் என்பது பத்திரிகைத் தொடர்கதை பெற்றுப் போட்ட பிள்ளை, வாராவாரம் இத்தனை பக்கம் என்ற கட்டாயத்தில் வந்தது, தொடர்கதைக் காலம் முடிந்துவிட்டதால் எழுதுகிறவன் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. இது வரலாறே அல்ல. வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் புத்தகமாகத்தான் வெளிவந்தது. எந்தப் பத்திரிகை ஆசிரியரும் அவரிடம் பக்கக் கணக்குக் கேட்கவில்லை. தமிழின் அந்த முதல் நாவல் அதிகாரம் அதிகாரமாகப் பிரிந்து நிற்கிறது. ஹென்றி ஃபீல்டிங்கின் 'ஜோசப் ஆண்ட்ரூஸ்' 1742இல் இரண்டு தொகுதிகளாக முழுதாக வெளிவந்தது. டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' மாதப் பகுதிகளாக வந்து தொடர் வெளியீட்டுக்குப் பெரும் சந்தையைத் திறந்துவிட்டது 1836இல்தான். அத்தியாயம் என்ற அந்தப் பிள்ளை பிறந்து தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு வந்தவரைத் தாய் என்று காட்டுகிறார் கட்டுரையாளர்.

தொடர்கதையைப் பற்றியாவது சரியாகச் சொன்னாரா என்றால் அதுவும் இல்லை. பத்திரிகைக்காக எழுதியவர்கள் அளந்து வெட்டினார்கள் என்பதற்கு அவர் காட்டும் உதாரணம் கல்கி. 'பொன்னியின் செல்வ'னின் ஐந்து பாகங்களையும் எடுத்துப் பாருங்கள். அத்தியாயங்கள் முறையே 57, 53, 46, 46, 91. கடைசிப் பாகம் அதற்கு முந்தைய பாகத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. முடிச்சுகள் அவிழும் இடம் எவ்வளவு கேட்டதோ அவ்வளவு கொடுத்திருக்கிறார் கல்கி. வாரக்கெடு தலைக்கு மேல் நின்றபோதும் பாகத்தின் அளவைக் கதைதான் தீர்மானித்தது. தொடர் எழுத்து செத்துவிட்டது என்பதும் தவறு. ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை நாளுக்கு ஓர் அத்தியாயமாக இணையத்தில் எழுதிய 'வெண்முரசு' 26 நாவல்களாக நம் கண்முன் இருக்கிறது.

பத்திரிகைத் தொடர் அத்தியாயத்துக்குத் தீங்கே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. கதவு தட்டப்படும் ஓசையோடு ஒரு வாரத்தை முடித்து, அடுத்த வாரம் தட்டியவர் பால்காரர் என்று சொல்லும் மலிவான உத்தி அங்கேதான் பெருகியது. அதற்கு மருந்து நல்ல இடத்தில் முடிக்கக் கற்றுக்கொள்வது. முடிப்பதையே கடைசிக்குத் தள்ளிப்போடுவது எப்படி மருந்தாகும்?

இனி அவர் பெருமையோடு முன்னால் நிறுத்தும் சாட்சிக்கு வருகிறேன். 'ஜோசப் ஆண்ட்ரூ'ஸின் இரண்டாம் புத்தகம், முதல் அத்தியாயம். அத்தியாயங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, நெடும்பயணம் போகிறவன் இளைப்பாறும் சத்திரம் போன்றது என்று ஃபீல்டிங் அங்கே சொல்கிறார். கட்டுரையாளர் இதை எடுத்துக்கொண்டு, "ஆக, அத்தியாயம் வாசகனின் வசதிக்கான ஏற்பாடு மட்டுமே" என்று முடித்துவிடுகிறார். அதே அத்தியாயத்தை அவர் கடைசிவரை படித்திருக்க வேண்டும். படித்தும் மறைத்திருந்தால் அது இன்னும் மோசம். ஃபீல்டிங் அந்த அத்தியாயத்தை முடிக்கும்போது சத்திரத்தை விட்டுவிட்டுக் கசாப்புக்காரரிடம் போகிறார். கசாப்புக்காரர் இறைச்சியை மூட்டு மூட்டாகப் பிரித்து வைப்பதுபோல ஆசிரியன் நூலைப் பிரித்து வைப்பது தகும் என்கிறார். விளையாட்டாகச் சொன்னதுதான், ஆனாலும் தொழில் தெரிந்தவரின் பேச்சு. மூட்டு எங்கே இருக்கிறது என்று உடலைத் தெரிந்தவருக்குத்தான் தெரியும். இரண்டாயிரம் சொல்லுக்கு ஒரு வெட்டு என்பது எலும்பின் நடுவில் கத்தியை இறக்குவது.

பின்னால் வந்து வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் முழுவதும் வீட்டில் வைத்திருக்கும் ஓர் உதாரணம் உண்டு. பைபிளில் இன்று நாம் பார்க்கும் அதிகாரப் பிரிவுகள் மூலத்தில் இல்லை. அவை 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பின்னாளில் கான்டர்பரி பேராயரான ஸ்டீபன் லாங்டன் பிரித்தவை என்று பொதுவாக ஏற்கப்படுகிறது. இடம் தேடி எடுக்க அந்தப் பிரிவு பேருதவி. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஆதியாகமத்தைத் திறந்து பாருங்கள். ஆறு நாள் படைப்பு முதல் அதிகாரத்தில் முடிந்துவிடுகிறது. ஏழாம் நாள் ஓய்வு இரண்டாம் அதிகாரத்துக்குப் போய்விட்டது. அந்த ஏழு நாளும் சேர்ந்ததுதான் ஒரு கதை. ஓய்வுதான் அதன் முடிவு. முடிவு துண்டாகி, வேறொரு கதையின் தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. எழுதி முடிந்த ஒன்றை வசதிக்காக வெட்டுவதன் விளைவு இதுதான். அறிஞர் ஒருவர் பக்தியோடு செய்தே இந்தக் கதி என்றால், சொல் எண்ணும் மென்பொருளைப் பார்த்து வெட்டும் அவசரக்காரர் என்ன செய்வார்?

நம்மிடமே இதற்கு நேர் எதிரான பாடம் இருக்கும்போது அவர் அதைத் தொடவே இல்லை என்பதுதான் என்னை உண்மையில் கோபப்படுத்துகிறது. சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையின் முடிவில் கோவலன் வெட்டுண்டு விழுகிறான். கேட்கிற நமக்குத் தெரிந்துவிட்டது. கண்ணகிக்குத் தெரியாது. இளங்கோ அடுத்து என்ன செய்கிறார்? ஓடிப்போய் அவளிடம் சொல்லவில்லை. ஆய்ச்சியர் குரவையைத் தொடங்குகிறார். ஆயர்பாடியில் குடத்துப் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, காளையின் கண்ணில் நீர் வழிகிறது. ஏதோ தீங்கு வரப்போகிறது என்று அஞ்சி, மாயோனைப் பாடிக் குரவை ஆடலாம் என்கிறாள் மாதரி. கண்ணகி பார்த்துக்கொண்டிருக்கிறாள். பெண்கள் கைகோத்து ஆடுகிறார்கள். வரப்போகிறது என்று அவர்கள் நினைக்கும் தீங்கு நடந்து முடிந்துவிட்டது என்பது நமக்கு மட்டும் தெரியும். அந்த ஆட்டம் முழுவதும், பாட்டு முழுவதும் நமக்குத் தாங்க முடியாத வலியாக மாறுவது எதனால்? 16ஆம் காதைக்கும் 17ஆம் காதைக்கும் இடையில் இருக்கும் அந்த வெட்டினால். செய்தி அவளை வந்தடைவது அதற்கும் அடுத்த துன்ப மாலையில்தான்.

இந்த வெட்டைப் பின்னால் வந்து போட முடியுமா? குரவைக்குள் நுழைந்ததும் யாப்பே மாறுகிறது, குரல் மாறுகிறது, உரைப்பாட்டும் இசைப்பாட்டுமாக நடை ஆடத் தொடங்குகிறது. இங்கே முடிக்கிறேன், அங்கே தொடங்குகிறேன் என்ற தீர்மானம் இல்லாமல் இந்த மாற்றம் எழுதப்பட்டிருக்கவே முடியாது. ஒரே ஓட்டமாக எழுதியிருந்தால் கோவலன் விழுந்த களத்திலிருந்து ஆயர்பாடிக்கு ஒரு வழி போட வேண்டியிருந்திருக்கும். யாராவது நடந்து வந்திருப்பார்கள், பொழுது புலர்ந்திருக்கும். அந்த வழி போடப்பட்டிருந்தால் வலி போயிருக்கும்.

"ஓட்டம் தடைப்படும்" என்பது அவருடைய அடுத்த வாதம். அத்தியாயத்தை யோசித்தால் எழுத்தின் வேகம் குறைந்துவிடுமாம். வேகம் குறையத்தான் செய்யும். குறைய வேண்டிய இடமும் அதுதான். பிரிக்காமல் எழுதப்பட்ட வரைவுகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலை எனக்கு உண்டு. அவற்றின் நோய் முதல் ஐம்பது பக்கத்திலேயே தெரிந்துவிடும். பாத்திரம் படுக்கையிலிருந்து எழுந்து பல் துலக்கிப் பேருந்து ஏறி இறங்கி அலுவலகப் படிக்கட்டில் கால் வைக்கும்வரை எழுதப்பட்டிருக்கும். எழுதியவர் சோம்பேறி அல்ல. நிறுத்துவதற்கு அனுமதி இல்லாததால் ஒரு காட்சியிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போக வேண்டியிருக்கிறது அவருக்கு. "மறுநாள் காலை", "இதற்கிடையே", "இவ்வாறிருக்க" என்று பக்கத்துக்குப் பக்கம் பாலம் கட்டிக்கொண்டு போகிறார். கடைசியில் அத்தியாயம் பிரிக்கும்போது இந்தப் பாலங்களை என்ன செய்வது? பாலத்தை இடித்தால் அதன்மேல் சாய்ந்து நிற்கும் காட்சிகளும் ஆடுகின்றன. ஏனென்றால் அந்த நடையின்போது பாத்திரம் யோசித்த ஒன்றை நம்பித்தான் அடுத்த காட்சி எழுதப்பட்டிருக்கிறது. பிறகு பாதி நாவலைத் திரும்ப எழுத வேண்டும். பலர் அங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள். முதல் வரைவில் மிச்சப்படுத்திய வேகம் என்று கட்டுரையாளர் சொல்வதன் விலை இது.

'மிஸஸ் டாலோவே'யில் அத்தியாயமே இல்லையே என்று வெற்றி முழக்கம் செய்கிறார். 1925இல் வந்த அந்த நாவலில் எண் போட்ட அத்தியாயம் இல்லை, உண்மை. ஒரே நாளின் கதை அது. லண்டன் முழுவதும் கேட்கும் பிக் பென் மணி அந்த நாளைப் பகுத்துக்கொண்டே போகிறது. கிளாரிஸாவிடமிருந்து செப்டிமஸிடம் கதை தாவும்போது அந்த ஓசைதான் பல இடங்களில் கை கொடுக்கிறது. எழுதும் காலத்தில் வர்ஜீனியா உல்ஃப் அந்த நாவலுக்கு வைத்திருந்த பெயரே 'மணிகள்'. அத்தியாயம் வேண்டாம் என்பது அந்த நாவலின் உள்ளிருந்து எழுந்த முடிவு. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு மறந்துபோன வேலை அல்ல அது. அதே உல்ஃப் அடுத்து எழுதிய 'டு த லைட்ஹவுஸ்' நாவலுக்கு, எழுத உட்காருவதற்கு முன்பே நோட்டில் இரண்டு கட்டங்கள் வரைந்து அவற்றை ஒரு தாழ்வாரத்தால் இணைத்துப் பார்த்தார். 1927இல் நாவல் அந்த உருவத்தில்தான் வந்தது: இரண்டு பெரிய பகுதிகள், நடுவே பத்து வருஷம் ஓடிப்போகும் சிறிய பகுதி ஒன்று. முதல் பகுதி முழுவதையும் தாங்கி நின்ற ராம்சே அம்மையார், நடுப் பகுதியில் அடைப்புக்குறிக்குள் ஒரே வாக்கியத்தில் இறந்துபோகிறார். அந்தத் தாழ்வாரம் முன்கூட்டி மனத்தில் இல்லாமல் அந்த வாக்கியத்தை எப்படி எழுதியிருக்க முடியும்?

சம அளவு என்ற அவருடைய ஆசைக்கு அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. ஃபாக்னரின் 'ஆஸ் ஐ லே டையிங்' 59 பகுதிகள், பதினைந்து குரல்கள். அதில் ஒரு சிறுவன் பேசும் ஒரு பகுதி ஒரே ஒரு சிறு வாக்கியம். 'அன்னா கரீனினா'வின் எட்டுப் பாகங்களில் ஒரே ஓர் அத்தியாயத்துக்குத்தான் டால்ஸ்டாய் தலைப்பு வைத்தார். லெவினின் அண்ணன் சாகும் அத்தியாயம் அது, தலைப்பு 'மரணம்'. அது முடியும் இடத்தில் கிட்டி கருவுற்றிருக்கிறாள் என்ற செய்தி வருகிறது. சாவையும் பிறப்பையும் ஒரே அத்தியாயத்தின் கூரைக்குள் வைத்தவர், அங்கே நிறுத்தினார். சொல் எண்ணிக்கை கொண்டு வெட்டுகிறவர் அந்தக் கடைசி வரிகளை அடுத்த துண்டில் தள்ளியிருப்பார்.

சரி, எப்போது பிரிப்பது? முதல் வரி எழுதும் முன்பே நாற்பது அத்தியாயத் தலைப்புகளைச் சுவரில் ஒட்டிவைப்பவர்களுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. கதை போகவேண்டிய வழியைக் கதையைக் கேட்காமலே முடிவுசெய்யும் அவர்களும் கட்டுரையாளரின் உடன்பிறப்புகள்தான். எழுதிக்கொண்டிருக்கும்போதே, அடுத்து எதைச் சொல்லப்போவதில்லை என்று தெரிகிற கணத்தில் பிரிக்க வேண்டும். கல்யாணத்தை முடிவுசெய்த இரவோடு நிறுத்திவிட்டு, கல்யாணத்தை எழுதாமல், ஆறு வருஷம் கழித்து அந்த வீட்டுத் திண்ணையில் தொடங்கலாம் என்று தோன்றுகிறதா? அந்த இடம் அத்தியாய முடிவு. அதைத் தள்ளிப்போட்டால் கை தானாகவே கல்யாணத்தை எழுதிவிடும். யார் கண்வழியாகப் பார்க்கிறோம் என்பது மாறும்போதும் இதே கேள்வி எழும். இரண்டாம் வரைவில் இந்தப் பிரிவுகள் இடம் மாறும். இரண்டு சேர்ந்து ஒன்றாகும். ஒன்று காணாமலே போகும். அதனால் முதலில் பிரித்தது வீண் என்று ஆகிவிடாது. அங்கே ஒரு தீர்மானம் எடுக்கப்பட்டிருந்தால்தான் அது தவறு என்பதையாவது கண்டுபிடிக்க முடியும்.

அவருடைய கட்டுரையில் மிக ஆபத்தான வரி கடைசியில் வருகிறது. எங்கே வெட்டுவது என்று ஆசிரியருக்கே தெரியாவிட்டால் பதிப்பகத்தில் எடிட்டர் பார்த்துக்கொள்வார் என்கிறார். எந்தத் தமிழ்ப் பதிப்பகத்தைச் சொல்கிறார்? நாவலை வரி வரியாகப் படித்து ஆசிரியரோடு உட்கார்ந்து பேசும் எடிட்டர் இங்கே எத்தனை இடங்களில் இருக்கிறார் என்று அவருக்கே தெரியும். பெரும்பாலான கைப்பிரதிகள் மெய்ப்புப் பார்ப்பவரிடமிருந்து நேராகப் பக்கம் அமைப்பவரிடம் போகின்றன. புத்தகக் கண்காட்சிக்கு முந்தைய வாரங்களில் அவர் கையில் ஒரே நேரத்தில் எத்தனையோ புத்தகங்கள் இருக்கும். எட்டுப் பக்கமும் பதினாறு பக்கமுமாகச் சேரும் ஃபாரக் கணக்கு அவருடைய கவலை; அது அவர் வேலை, அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மூன்று வருஷம் ஒரு நாவலோடு வாழ்ந்த இளைஞரிடம், உன் கதை எங்கே மூச்சை நிறுத்த வேண்டும் என்பதை அவரிடம் விட்டுவிடு என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். அந்த வரியையாவது அவர் திரும்பப் பெற வேண்டும்.